பழைய காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது?

நெல்லுக்கு மேலுரம், வாழைக்கு முட்டு என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கார் ஆயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் மேலூரிலும், கொள்ளிடத்துக்கு அக்கரையில் உத்தமர்கோயில், லால்குடிப் பக்கத்திலும் நான் போகிற பல வீடுகளில், மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு பழைய கார் நிற்கிறது. பெரும்பாலும் அம்பாசடர். அப்பா வாங்கினது, விற்க மனசு வராமல் வைத்திருப்பது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான், குலதெய்வம் கோயிலுக்குப் போவதும் அதில்தான். அவசரத்துக்கு நாலு உர மூட்டையும் அதன் டிக்கியில்தான் ஏறும். வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டோடு அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகையால் இருக்கிற வண்டியைக் காப்பாற்றினால்தான் உண்டு.

"சார், பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தானே ஊத்தணும்?" என்று என்னிடம் கேட்காத ஆள் குறைவு. இந்தக் கேள்விக்கு ஒருமுறை நானே தப்பாகத் தலையாட்டி, ஒருவருக்குப் பெரிய நஷ்டம் வரக் காரணமாக இருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விளக்கு அணைந்தது, வியாதி போகவில்லை

மேலூர்ப் பக்கம் ஒரு வாழை விவசாயி. அவரிடம் 1980-களில் வாங்கிய டீசல் அம்பாசடர். சில வருஷங்களுக்கு முன்னால், வண்டி சூடேறி மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று எரிய ஆரம்பித்தது. பட்டறையில் காட்டினார். "பழைய இன்ஜின் அண்ணே, கெட்டியா ஒண்ணு ஊத்தினா சரியாப் போயிடும்" என்று சொல்லி, கடையில் கிடைத்ததிலேயே கெட்டியான ஆயிலை ஊற்றி, அதோடு பிரஷர் ஏறும் என்று பாகு மாதிரி ஒரு டப்பா மருந்தையும் கலந்து விட்டார்கள். விளக்கு அணைந்துவிட்டது.

அவர் என்னிடம் வந்து, "இது சரிதானா சார்?" என்று கேட்டார். நான் வேளாண்மை பட்டதாரி. பண்ணை இயந்திரங்கள் என்று ஒரு பாடமே படித்தவன். ஆனாலும் யோசிக்காமல், "மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மாதம் ஓடியது. அம்மாவை லால்குடியில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, நம்பர் ஒன் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜினில் 'டக் டக்' என்று சத்தம். ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. உச்சி வெயிலில் அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்து, கிராங்கில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தது. லேத் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "விளக்கு எரிஞ்ச அன்னைக்கே சம்பைக் கழட்டிப் பேரிங்கை மாத்தியிருந்தா கிராங்க் பிழைச்சிருக்கும்" என்றார். அந்த வருஷம் வாழையில் நின்ற லாபம் அந்த இன்ஜினுக்குள் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

மடையும் கடைமடையும்

கெட்டி ஆயில் ஏன் ஏமாற்றியது? இன்ஜினுக்குள் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள சந்து நம் தலைமயிரின் பருமனை விடக் குறைவு. அந்தச் சந்தில் ஆயில் ஒரு படலமாக நின்று, இரும்பு இரும்போடு உரசாமல் கிராங்கை மிதக்க வைக்கிறது. பேரிங் தேய்ந்தால் சந்து பெரிதாகும், ஆயில் சீக்கிரம் வழிந்து ஓடும், பிரஷர் இறங்கும், விளக்கு எரியும்.

நமக்குத் தெரிந்த வாய்க்கால் கணக்காகச் சொல்கிறேன். வாய்க்காலின் நடுவில் அடைத்தால் அதற்கு மேலே தண்ணீர் மட்டம் ஏறும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கெட்டி ஆயில் வழிந்து ஓடச் சிரமப்படுவதால் பிரஷர் ஏறுகிறது, விளக்கு அணைகிறது. தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது கெட்டி ஆயில் மெதுவாக ஊர்ந்துதான் மேலே வால்வு வரை போகும். அதுவரைக்கும் அங்கே உரசல்தான்.

அதற்காக மெல்லிய ஆயில்தான் நல்லது என்றும் ஆகாது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், தன்னுடைய புதுக் காருக்கு ஊற்றுகிற விலை உயர்ந்த மெல்லிய ஆயிலை அப்பாவின் அம்பாசடருக்கும் வாங்கி வருவதைப் பார்க்கிறேன். சந்து நெருக்கமான புது இன்ஜினுக்கு அது பொருந்தும். பழைய இன்ஜினில் அது நிற்காது, படலம் அறுந்துவிடும். ஆகவே கெட்டியும் வேண்டாம், தண்ணீராகவும் வேண்டாம். வண்டிக்கு உரியது வேண்டும்.

டப்பாவின் மேல் உள்ள எண்

விதை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பையில் நீல அட்டை இருக்கிறதா, ரகம் எது, காலாவதித் தேதி என்ன என்று பார்க்கிறோம். உர மூட்டையில் 17-17-17 என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் தெரியும். ஆயில் டப்பாவிலும் அதே மாதிரி இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று எண், இன்னொன்று எழுத்து.

எண்ணுக்கு முன்னால் எஸ்.ஏ.இ. என்று போட்டிருக்கும். அது அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கத்தின் சுருக்கப் பெயர். ஆயிலின் பருமனுக்கு எண் கொடுக்கும் முறையை அவர்கள் 1911-இல் கொண்டுவந்தார்கள். இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

20 டபிள்யூ 40 என்று இருந்தால், பின்னால் உள்ள 40 என்பது ஓடிச் சூடேறிய இன்ஜினில் ஆயிலின் பருமனைக் காட்டுகிறது. 100 டிகிரி சூட்டில் அளந்து பார்த்து இந்த எண்ணைத் தருகிறார்கள். அந்த அளவுகோலில் 20-ஆம் எண் ஆயில் 6.9-லிருந்து 9.3-க்குள் இருக்கும். 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள், 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். புதுக் காருக்கு ஊற்றும் 20-ஆம் எண்ணுக்கும் நம் 40-க்கும் ஏறக்குறைய இரண்டு பங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள்.

முன்னால் உள்ள 20 டபிள்யூ என்பது குளிரில் அந்த ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, சித்திரையில் தண்ணீராக ஓடுகிறது அல்லவா? இன்ஜின் ஆயிலுக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, கடுங்குளிரிலும் அது இளகி ஓடும். 20 டபிள்யூ ஆயிலைப் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி குளிரில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் நாம் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்கிறோமே, அப்போதுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே குளிருக்காக 0 டபிள்யூ, 5 டபிள்யூ என்று கூடுதல் விலை கொடுக்க நமக்கு அவசியம் இல்லை.

பழைய வண்டியின் கைப்புத்தகத்தில் வெறும் 40 என்று ஒற்றை எண் இருக்கலாம். பயப்பட வேண்டாம். 20 டபிள்யூ 40 ஆயில் சூட்டில் அதே 40-தான். கிளப்பும்போது மட்டும் ஒற்றை எண் ஆயிலை விடச் சுலபமாக மேலே ஏறும். ஆகையால் இதுவே மேல்.

1489 சி.சி. பெட்ரோல் அம்பாசடருக்கு நம் ஊர் வெயிலில் 20 டபிள்யூ 40 அல்லது 20 டபிள்யூ 50 பொருந்தும். டீசல் அம்பாசடருக்கு 15 டபிள்யூ 40 அல்லது 20 டபிள்யூ 40. 1990-களில் வந்த 1800 சி.சி. இசுசு இன்ஜின் வண்டிக்கு அதற்குரிய கைப்புத்தகத்தைப் பாருங்கள். நிறைய ஓடித் தேய்ந்த, ஆனால் சத்தமில்லாத இன்ஜினுக்கு 40-லிருந்து 50-க்கு ஒரு படி ஏறலாம். அதுவும் கைப்புத்தகம் அனுமதித்தால்தான். ஒரு படிக்கு மேல் ஏறச் சொன்னால், உள்ளே ஏதோ வியாதி இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து ஆயில் கடையில் கிடையாது.

டப்பாவின் மேல் உள்ள எழுத்து

பலரும் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எழுத்துதான் ஆயிலின் தரத்தைச் சொல்வது. ஏ.பி.ஐ. என்ற பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் வண்டிக்கு, சி என்று தொடங்கினால் டீசல் வண்டிக்கு. இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டுக்கும் ஆகும்.

பெட்ரோல் வண்டிக்கு எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. இவற்றில் ஏதாவது இருக்கலாம். பின்னால் வந்த எழுத்து புதிய தரம். எஸ்.பி. 2020-இல் வந்தது. சில மலிவு டப்பாக்களில் எஸ்.ஏ. என்று இருந்தால் தொடவே வேண்டாம். 1930-க்குப் பிறகு வந்த இன்ஜின்களுக்கே அது ஏற்றதல்ல என்று அந்தத் தர அமைப்பு சொல்கிறது. நம் வண்டி எவ்வளவுதான் பழசாக இருந்தாலும் அவ்வளவு பழசு இல்லை!

டீசல் வண்டிக்கு சி.எச்-4 அல்லது சி.ஐ-4 போதும். நம் டிராக்டர்களுக்கும் பெரும்பாலும் இதே வகைதான் சொல்லியிருப்பார்கள். டிராக்டருக்கு வாங்கிய டின்னில் எண்ணும் எழுத்தும் பொருந்தினால் காருக்கும் ஊற்றலாம். தனியாக வாங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். பயிருக்குத் துத்தநாகம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோம். இன்ஜின் ஆயிலிலும் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சத்து கலந்திருக்கிறது. அம்பாசடர் 1489 சி.சி. மாதிரிப் பழைய இன்ஜினில் கேம் ஷாப்ட் நேராகத் தட்டையான டாப்பெட்டின் மேல் தேய்த்து ஓடுகிறது. அந்த இடத்தைக் காப்பது இந்தத் துத்தநாகச் சத்துதான். புதுக் கார்களின் புகைக்குழாயில் உள்ள புகை சுத்தம் செய்யும் கருவியைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், புதிய தரத்து மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 போன்ற கனமான வகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மகன் வாங்கி வரும் மெல்லிய ஆயில் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பீர்கள். வானொலியில் கம்பெனிப் பெயர் சொல்லக் கூடாது. சொல்லவும் அவசியமில்லை. எந்த ஆயிலானாலும் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த அடிப்படை எண்ணெயில் சில சத்துகளைக் கலந்ததுதான். நம் சென்னை மணலியில் 1969-லிருந்து இயங்கும் சுத்திகரிப்பு ஆலையிலேயே அந்த அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் சரியாக இருந்து, சீல் உடையாத டப்பாவாக, பில் கொடுக்கும் கடையில் வாங்கினால் போதும். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் மட்டும் வேண்டாம். பழைய ஆயிலை வடிகட்டிப் புதிது மாதிரி விற்பவர்கள் இருக்கிறார்கள். காலி டப்பாவைக் கடையில் விட்டு வராமல் ஓட்டை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பா போலி ஆயிலோடு திரும்பி வரும்.

ஆயிலே சொல்லும் சேதி

வாரம் ஒரு நாள், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினாலும் கெடுதல்தான். கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

டீசல் வண்டியில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். "போலி ஆயில் கொடுத்துட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கரியைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆயில் பால் காப்பி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், கிளப்பிப் பார்க்கவே கூடாது. முதலில் ஆயிலை வடித்துவிட வேண்டும்.

ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்து, மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோல் பம்பின் டயாப்ரம் கிழிந்து, பெட்ரோல் சம்புக்குள் இறங்குகிறது. 2025-இல் நாட்டில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பர் சாமான்களுக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி முகர்ந்து பார்ப்பது நல்லது. பம்பைச் சரிசெய்யாமல் என்ன ஆயில் ஊற்றினாலும் அது கரைந்து தண்ணீராகிவிடும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் அழுத்தும்போது வந்தால் ரிங், காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வு கைடு என்று ஓரளவு கணிக்கலாம். சூட்டில் விளக்கு மினுக்கினால், முதலில் பிரஷர் மீட்டரை மாட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் விளக்கின் ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கும், செலவு சொற்பம். பிரஷர் உண்மையிலேயே குறைவு என்றால் சம்பைக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள். மேலூர்க்காரர் தவறவிட்டது இந்த இடத்தில்தான். அவரைத் தவறவிடச் செய்தது நான்.

மாற்றுவதும் அப்புறப்படுத்துவதும்

பழைய காரில் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலை மாற்றுங்கள். நம் வண்டிகள் குறைவாகத்தான் ஓடுகின்றன. "ஆயிரம்கூட ஓடலியே சார்" என்று ஒன்றரை வருஷம் விட்டுவிடுகிறார்கள். நின்றாலும் ஆயில் கெடும், உள்ளே ஈரமும் அமிலமும் சேரும். பில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். ரொம்ப நாள் நின்ற வண்டியைப் புதிதாக எடுத்து ஓட்டினால், புது ஆயில் பழைய கசடைக் கழுவிக்கொண்டு வரும். ஆகவே 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? தயவுசெய்து வாய்க்காலில் ஊற்றாதீர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் இது. நம் வாய்க்கால் தண்ணீர் அடுத்தவர் வயலுக்கும், அப்புறம் ஆற்றுக்கும் போகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயக் கழிவு. ஆட்டுச் சொறிக்கும் மாட்டுப் புண்ணுக்கும் வேஸ்ட் ஆயில் தடவுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள நஞ்சு தோல் வழியாக உள்ளே போகும். நம் கையிலும் அடிக்கடி பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும். பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாக வாங்கி அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மறுபடியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வண்டி பழசு என்பதற்காக மட்டும் கெட்டி ஆயிலுக்குப் போகாதீர்கள். கைப்புத்தகம் சொன்ன எண்ணைப் பாருங்கள். இரண்டு, எண்ணோடு எழுத்தையும் பாருங்கள். மூன்று, விளக்கு எரிந்தாலோ புகை வந்தாலோ காரணத்தைத் தேடுங்கள், அதை ஆயிலால் மறைக்காதீர்கள். நான்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலும் பில்டரும். ஐந்து, பழைய ஆயில் வாய்க்காலுக்குப் போகக் கூடாது.

1960-களில் ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். வானொலியில் கேட்டு, நம்பி, விதை மாற்றிப் பலன் கண்டவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமாகப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் என் தப்பையும் சேர்த்துச் சொன்னேன். மேலூர் அண்ணனின் அம்பாசடர் கிராங்க் கடைந்து, புதுப் பேரிங் போட்டு, 20 டபிள்யூ 40 ஆயிலில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் வாழைக்கு வாடல் நோய் பார்க்கப் போனபோது என்னைப் பஸ் நிறுத்தம் வரை அதில்தான் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "இந்தத் தடவை டப்பாவில எழுத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன் சார்" என்றார். நீங்களும் பார்த்து வாங்குங்கள்.